மானாவாரிக் கொத்தமல்லி சாகுபடி

மானாவாரிக் கொத்தமல்லி என்பது பாசன வசதி இன்றி, மழைநீரையும் மண்ணில் தங்கிய ஈரத்தையும் மட்டுமே கொண்டு, விதைக்காகப் பயிரிடப்படும் கொத்தமல்லி ஆகும். இதன் அறிவியற் பெயர் கொரியாண்ட்ரம் சட்டைவம். சீரகம், பெருஞ்சீரகம், ஓமம், காரட் முதலிய தாவரங்கள் அடங்கிய குடும்பத்தையே கொத்தமல்லியும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் விருதுநகர், தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் கரிசல் நிலங்களில் இப்பயிர் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுகிறது. இப்பகுதி மக்கள் இதனை மல்லி என்றே அழைப்பர்.

பாசனப் பயிரில் பிற்பாடு செய்யப்படும் திருத்தங்களுக்கு இடம் உண்டு. மானாவாரிப் பயிரில் அத்தகைய வாய்ப்பு மிகக் குறைவு. பூக்கும் பருவத்தில் செடிக்குத் தேவைப்படும் ஊட்டம் விதைப்பின்போதே மண்ணில் இருந்தாக வேண்டும். அவ்வாறு விளைந்த காயும் சரியான நாளில் அறுக்கப்படாவிட்டால் மணத்தையும் நிறத்தையும் எடையையும் இழக்கும். இக்கட்டுரை பந்தல்குடி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மல்லியின் பூக்கும் பருவ ஊட்டத்தையும் அறுவடைக் காலத்தைக் கணிக்கும் முறையையும் விளக்குகிறது.

நிலமும் பருவமும்

பந்தல்குடி விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டை வட்டத்தில், மதுரை–தூத்துக்குடி தேசிய நெடுஞ்சாலையில், அருப்புக்கோட்டைக்கும் எட்டையபுரத்துக்கும் இடையில் அமைந்துள்ளது. இதன் சுற்றுப்புறமும் கிழக்கே உள்ள திருச்சுழிப் பகுதியும் மழை மறைவான வறண்ட நிலங்கள் ஆகும். ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கிறது. பருத்தி, சோளம், கம்பு, மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய் ஆகியவற்றுடன் மல்லியும் இங்கு தனிப்பயிராகவோ கலப்புப் பயிராகவோ விதைக்கப்படுகிறது.

கரிசல் மண்ணில் களிமண் பங்கு மிகுதி. நனைந்தால் உப்பும், உலர்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும். தன்னுள் அதிக நீரைப் பிடித்து வைத்து, மழை நின்ற பிறகும் பல வாரங்களுக்குச் சிறிது சிறிதாக வேருக்கு அளிப்பது இதன் சிறப்பு. மல்லி இப்பருவத்தில் இங்கு விளைவதற்கு இதுவே முதற்காரணம் ஆகும்.

இம்மண்ணுக்கு ஒரு குறையும் உண்டு. பந்தல்குடிப் பகுதியில் சிமெண்ட் உற்பத்திக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படுகிறது. இவ்வட்டார நிலங்கள் பலவற்றிலும் சுக்கான் எனப்படும் சுண்ணாம்பு முடிச்சுகளைக் காணலாம். சுண்ணாம்பு மிகுந்த காரத்தன்மையுள்ள மண்ணில் மணிச்சத்து கால்சியத்துடன் சேர்ந்து கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். இரும்பு, துத்தநாகம் ஆகிய நுண்ணூட்டங்களும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிட்டாமற் போகும். எனவே இங்கு ஊட்டக் குறைபாடு என்பது மண்ணில் சத்து இல்லாமையால் மட்டும் ஏற்படுவதன்று; இருப்பது கிடைக்காமையாலும் ஏற்படுகிறது.

விதைப்பும் அடியுரமும்

ஐப்பசி மாதத்தில், அதாவது அக்டோபர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் முற்பகுதிக்குள் விதைப்பது வழக்கம். நாம் விதை என்று வழங்குவது உண்மையில் மல்லியின் காய் ஆகும். ஒவ்வொரு காயிலும் இரண்டு பாதிகள் உள்ளன; ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை இருக்கும். ஆகவே விதைப்பதற்கு முன் காய்களை இலேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளப்பர்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரி மல்லிக்குப் பரிந்துரைக்கும் அளவுகள் பின்வருமாறு:

* விதை: எக்டேருக்கு 20 முதல் 25 கிலோ (ஏக்கருக்கு ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ).
* விதை கடினப்படுத்துதல்: ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் வீதம் கரைத்து, அதில் விதையை 16 மணி நேரம் ஊறவைத்து உலர்த்துதல். இதனால் முளைத்த செடி தொடக்க வறட்சியைத் தாங்கும்.
* தொழு உரம்: எக்டேருக்கு 10 டன்.
* அடியுரம்: எக்டேருக்குத் தழைச்சத்து 10 கிலோ, மணிச்சத்து 40 கிலோ, சாம்பல்சத்து 20 கிலோ.

இந்த அடியுர அளவை ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 9 கிலோ யூரியா, 100 கிலோ சூப்பர் பாஸ்பேட், 13 கிலோ பொட்டாஷ் ஆகும். மணிச்சத்தின் பங்கு தழைச்சத்தைப் போல நான்கு மடங்கு இருப்பது கவனிக்கத்தக்கது. வேர் ஆழமாக இறங்குவதற்கும் பூ பிடிப்பதற்கும் மணிச்சத்து வேண்டும். அது மண்ணில் நகராத தன்மையுடையது ஆதலால் பின்னர் மேலே தூவினால் வேரைச் சென்றடையாது. சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகமும் உள்ளது. தொழு உரம் மட்கும்போது வெளிப்படும் கரிம அமிலங்கள் சுண்ணாம்பு மண்ணில் சிக்கிய சத்துகளில் ஒரு பகுதியை விடுவிக்கின்றன. உரத்தை மண்ணின் மேற்பரப்பில் வீசாமல் விதைச் சாலுக்குக் கீழே இடுவதும் மணிச்சத்து வீணாவதைக் குறைக்கும்.

பாசனப் பயிருக்கு விதைத்த 30 ஆம் நாளில் எக்டேருக்கு மேலும் 10 கிலோ தழைச்சத்து மேலுரமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. மானாவாரிக்கு இப்பரிந்துரை இல்லை. உலர்ந்த மண்ணின் மேல் தூவிய யூரியா வேருக்குச் செல்வதில்லை. காரமண்ணில் அதன் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும்.

பூக்கும் பருவம்

பூவின் அமைப்பு

மல்லியின் அடி இலைகள் அகன்றும், மேலே செல்லச் செல்ல நூல் போலப் பிரிந்தும் காணப்படும். தண்டு நீண்டு நூலிலைகள் தோன்றுவது பூக்கும் பருவம் நெருங்கியதற்கு அடையாளம். இது பொதுவாக விதைத்து ஆறு அல்லது ஏழு வாரங்களில், கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ நிகழும்.

பூக்கள் குடை வடிவக் கொத்துகளாக அமைகின்றன. நடுத்தண்டின் நுனியில் உள்ள முதற்குடை முதலில் பூக்கும். அதன் பின்னர்க் கிளைகளின் நுனியிலுள்ள குடைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். ஒவ்வொரு குடையிலும் வெளிவட்டப் பூக்கள் முந்தி விரியும். உள்ளே இருக்கும் பூக்களுள் பல ஆண்பூக்களாக நின்று காய்க்காமலே உதிரும். ஒரே செடியில் முற்றிய காயும் விரியாத மொட்டும் ஒரே நாளில் இருப்பதற்கு இந்த வரிசையே காரணம். அறுவடை நாளைக் கணிப்பதில் உள்ள சிக்கலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

ஒரு பூவில் மகரந்தம் முதலில் உதிரும். சூல்முடி அதற்குப் பிறகே மகரந்தத்தை ஏற்கும் நிலையை அடையும். ஆகவே மகரந்தச் சேர்க்கைக்குப் பூச்சிகளின் துணை முக்கியமானது. அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, மலைத்தேனீ ஆகியவையும் பல வகை ஈக்களும் மல்லிப் பூவை நாடி வருகின்றன.

பூக்கும்போது தேவைப்படும் ஊட்டம்

பூக்கும் பருவத்தில் செடியின் தேவை மாறுகிறது. அதுவரை இலையையும் தண்டையும் வளர்த்த செடி, இனித் தான் சேர்த்து வைத்ததைக் காய்க்கு அனுப்பத் தொடங்குகிறது.

தழைச்சத்து: இப்பருவத்தில் மிகுதியான தழைச்சத்து தீமை பயக்கும். செடி மீண்டும் தழைத்து, பூப்பது நீண்டு, காய் முற்றுவது தள்ளிப்போகும். மென்மையான தளிர்களில் அசுவினியும் சாம்பல் நோயும் எளிதில் பற்றும். செடி உயர்ந்து காற்றில் சாயவும் கூடும். மண்ணின் ஈரம் தீர்வதற்குள் காய் முற்ற வேண்டிய மானாவாரி நிலத்தில் இத்தாமதமே பெரிய இழப்பாகும்.

சாம்பல்சத்து: இலைத்துளைகள் திறந்து மூடுவதைச் சீராக்கி நீரிழப்பைக் கட்டுப்படுத்துகிறது, இலையில் உருவான மாவுச்சத்து காய்க்குச் செல்லவும் உதவுகிறது. பூக்கும் முன் வறட்சி நீடித்தால், ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கலந்து இலைவழியாகத் தெளிப்பது மானாவாரிப் பயிர்களுக்குப் பொதுவாகக் கூறப்படும் வழி.

நுண்ணூட்டங்கள்: மகரந்தம் முளைப்பதற்குப் போரான் தேவை. இரும்பு, துத்தநாகக் குறைபாடுகள் தோன்றினால் மண்ணில் இடுவதைவிட இலைவழித் தெளிப்பே சுண்ணாம்பு மண்ணில் விரைவாகப் பயன் தரும்.

இலை மஞ்சளாவதைக் கண்டவுடன் உரம் இடுவது பரவலாகக் காணப்படும் தவறு. மஞ்சள் எங்கு தோன்றுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். காய் பிடித்த பின் அடி இலைகள் மட்டும் மஞ்சளாகி உலர்ந்தால் அது இயல்பானது. இலையில் இருந்த தழைச்சத்து காய்க்கு இடம் பெயர்கிறது. பூக்கும் முன்னரே அடி இலைகள் வெளிறினால் தழைச்சத்துப் பற்றாக்குறை எனலாம். நுனித் தளிர்கள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. செடி திட்டுத் திட்டாக வாடி, வேரும் அடித்தண்டும் உள்ளே பழுப்பேறி இருந்தால் அது வாடல் நோய்; அதற்கு உரம் மருந்தாகாது.

ஈரம் காத்தல்

மழை நின்ற பின் களை நீக்குவதும் மேல்மண்ணை இலேசாகக் கொத்திவிடுவதும் நீர் பாய்ச்சுவதற்கு ஒப்பான பயன் தருவன. கரிசலில் வெடிப்பு விழுந்துவிட்டால் ஆழத்திலுள்ள ஈரமும் அதன் வழியே வெளியேறும். கொத்திய மேல்மண் அவ்வெடிப்புகளை அடைத்து, போர்வை போல நின்று ஈரத்தைக் காக்கும். 30 ஆம் நாளில் அடர்ந்த இடங்களில் செடிகளைக் கலைத்துவிடுவதால் எஞ்சிய செடிகளுக்கு ஈரமும் ஊட்டமும் போதிய அளவு கிடைக்கும். களைந்த செடிகள் கீரையாக விற்கப்படும்.

மார்கழிப் பனியில் மல்லி விளையும் என்பர். பனித்துளி வேருக்கு அளிக்கும் நீர் மிகக் குறைவே. ஆயினும் இலை நனைந்திருக்கும் காலை வேளையில் நீராவிப்போக்கு குறைவதால் மண்ணின் ஈரம் மேலும் சில நாட்களுக்கு நீடிக்கிறது. அதே ஈரமும் மேகமூட்டமும் தொடர்ந்தால் சாம்பல் நோய் பரவவும் ஏதுவாகும்.

பூச்சி, நோய்

பூக்கும் காலத்தில் அசுவினி கூட்டமாகப் பூக்கொத்துகளில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். இலைகளிலும் குடைகளிலும் வெண்பொடி தூவியது போலத் தோன்றுவது சாம்பல் நோய். இது காயில் பற்றினால் மணி சுருங்கும். இதற்கு நனையும் கந்தகம் பயன்படுகிறது. பூத்திருக்கும் வயலில் பகலில் பூச்சிக்கொல்லி தெளித்தால் தேனீக்கள் மடிந்து காய்ப்பிடிப்பு குறையும். ஆகவே பூப்பதற்கு முன்பே கண்காணித்துக் கட்டுப்படுத்துவதே நன்று. பிறகு தவிர்க்க இயலாத நிலையில் வேப்பங்கொட்டைச் சாறு போன்றவற்றை மாலையில் தெளிக்கலாம்.

அறுவடைக் காலத்தைக் கணித்தல்

மல்லி வகையைப் பொறுத்துப் பொதுவாக 90 முதல் 110 நாட்களில் முற்றும். கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ வரிசை வகைகளுள் குறுகிய வயதுடையவையும் உண்டு. ஆயினும் நாட்கணக்கை மட்டும் நம்புவது பொருந்தாது. ஈரம் குறைந்த ஆண்டில் பயிர் முந்தி முற்றும். பின்மழை பெய்த ஆண்டில் பிந்தும். எனவே காயையே பார்த்துக் கணிக்க வேண்டும். அதற்கு மூன்று அடையாளங்கள் உள்ளன.

நிறம்: பச்சைக் காய் முதலில் வெளிறி, இளமஞ்சளாகி, பின் பழுப்பாகும். முதற்குடைகளின் காய்கள் மஞ்சளாகி, வயலில் உள்ள காய்களில் ஏறத்தாழப் பாதி பச்சையிலிருந்து மாறிய நிலையே பச்சை கலந்த நிறமுள்ள தரமான மல்லிக்கு ஏற்ற காலம் எனப்படுகிறது. விதைக்கென வைப்பதை மேலும் சில நாட்கள் விட்டு முற்றவிடலாம்.

உறுதி: காயை விரலிடையில் நசுக்கிப் பார்த்தல். நீர் கசிந்தால் பால் பருவம். மாவு போல நசுங்கினால் அரைமுற்றல். நசுங்காமல் இரண்டாகப் பிளந்தால் முற்றல்.

மணம்: இதுவே மல்லிக்குரிய தனி அடையாளம். மல்லித் தழையிலும் பச்சைக் காயிலும் ஆல்டிஹைடு வகைச் சேர்மங்கள் மிகுந்துள்ளன. அவை மூட்டைப்பூச்சியின் வாடையை ஒத்த கடும் நெடியைத் தருகின்றன. இத்தாவரத்தின் ஐரோப்பியப் பெயர் மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பர். காய் முற்ற முற்ற இவை குறைந்து, லினலூல் என்னும் நறுமணச் சேர்மம் மிகும். முற்றிய காயின் எண்ணெயில் பெரும்பகுதி லினலூலே ஆகும். கசக்கி முகர்ந்தால் தழை நெடி நீங்கி இனிய மணம் எழுவது காய் முற்றியதைக் காட்டும்.

வயலின் ஓரத்தில் உள்ள செடிகளை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. ஓரங்களிலும் சுக்கான் திட்டுகளிலும் ஈரம் விரைவில் தீர்வதால் அங்குள்ள செடிகள் முந்திக் காயும். வயலைக் குறுக்கே நடந்து, பல இடங்களில் முதற்குடையையும் கிளைக்குடையையும் தனித்தனியே பார்ப்பதே சரியான முறை. கடைசிக் குடைகள் முற்றும்வரை காத்திருப்பதும் பயன் தராது. அவற்றில் மணி சிறுத்தே இருக்கும். அதற்குள் முதற்குடையின் பெருமணிகள் உதிர்ந்துவிடும்.

முந்தி அறுத்தால் காய் உலரும்போது சுருங்கி எடை குறையும். பச்சை நெடி தங்கிவிடும். முளைப்புத் திறனும் குறைவாக இருக்கும். பிந்தினால் காய் உதிரும், பிளக்கும், நிறம் மங்கும். எண்ணெயும் ஆவியாகிக் குறையும். முற்றிய காயின் மேல் மழை பெய்தால் பூசணம் பற்றிக் கறுக்கும்.

அறுப்பும் உலர்த்துதலும்

அதிகாலையில் பனி ஈரம் உள்ளபோதே செடிகளைப் பிடுங்குவர் அல்லது அறுப்பர். வெயில் ஏறிய பின் கை பட்டாலே காய் உதிரும். பின்னர் அவற்றைச் சிறு குவியல்களாக வயலிலேயே இரண்டு அல்லது மூன்று நாட்கள் வாடவிடுவர். அரைமுற்றலாக இருந்த காய்கள் இக்காலத்தில் தண்டிலுள்ள சத்தை ஈர்த்து ஓரளவு முற்றும். குவியல் பெரிதாக இருந்தால் உள்ளே சூடேறிக் காய் கறுத்துவிடும்.

வாடிய செடிகளைக் களத்தில் கோலால் அடித்துக் காயைப் பிரித்து, காற்றில் தூற்றுவர். பலமாக அடித்தால் காய் இரண்டாகப் பிளந்து தரம் குறையும். தூற்றிய மல்லியை நேர்வெயிலில் நெடுநேரம் போடாமல் பகுதி நிழலில் உலர்த்தினால் பச்சை நிறமும் மணமும் நிலைக்கும். ஈரப்பதம் 9 முதல் 10 விழுக்காட்டுக்குள் வந்த பின்னரே சாக்கில் கட்ட வேண்டும். ஈரம் மிகுந்தால் பூசணமும், சேமிப்பு வண்டுகளும் தாக்கும்.

மானாவாரி மல்லியின் விளைச்சல் எக்டேருக்கு 300 முதல் 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 120 முதல் 160 கிலோ எனக் கணிக்கப்பட்டுள்ளது. பாசனத்தில் இது எக்டேருக்கு 500 முதல் 600 கிலோ ஆகும்.

சந்தையும் தரமும்

இந்தியாவே உலகில் மல்லி விதையை மிகுதியாக விளைவிக்கும் நாடு. இராசத்தான், மத்தியப் பிரதேசம், குசராத் ஆகிய மாநிலங்கள் இதில் முன்னிற்கின்றன. அங்கு இது குளிர்காலத்தில் பெரும்பாலும் பாசனத்தில் விளைகிறது. பூக்கும் காலத்தில் உறைபனி அங்குள்ள உழவர்களின் அச்சம். தென்மாவட்டக் கரிசலில் உறைபனி இல்லை. ஈரம் முன்கூட்டியே தீர்வதும் அறுவடைக் கால மழையுமே இங்குள்ள அச்சங்கள்.

வட இந்தியச் சந்தைகளில் மல்லி நிறத்தைக் கொண்டு தரம் பிரிக்கப்படுகிறது. பழுப்பு நிறமுள்ளது பாதாமி என்றும், பச்சை மிகுந்தது பேரட் என்றும், இடைப்பட்டவை ஈகிள், ஸ்கூட்டர் என்றும் வழங்கப்படும். பச்சை நிறம் கூடக்கூட விலையும் கூடும். பலசரக்கு வணிகத்துக்குப் பெயர் பெற்ற விருதுநகர்ச் சந்தையில் மல்லியும் ஒரு முக்கியச் சரக்கு. பெரிய காய்களைக் கொண்ட இந்திய வகைகளில் எண்ணெய் ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் குறைவாகவே இருக்கும். ஐரோப்பாவின் சிறுகாய் வகைகளில் எண்ணெய் கூடுதல். எனவே இந்திய மல்லி எண்ணெய் வடிப்பதற்கு அன்றி, பெரும்பாலும் பொடியாகவே பயன்படுகிறது.

இடர்கள்

வானிலையே மானாவாரி மல்லியின் முதன்மையான இடர். 2021 சனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த பருவம் தப்பிய மழையால் தென்மாவட்டங்களில் அறுவடை நிலையில் இருந்த மானாவாரிப் பயிர்கள் சேதமடைந்தன. 2023 டிசம்பர் 17, 18 ஆம் நாட்களில் தென்மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது; தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. டிசம்பர் மழை பூவை உதிர்க்கும், வேரை அழுகச் செய்யும். சனவரி மழை முற்றிய காயைக் கறுக்கச் செய்யும்.

இத்தகைய பெருமழையைத் தடுக்க இயலாது. வடிகால் அமைத்தல், ஒரே நாளில் முழு நிலத்தையும் விதைக்காமல் பகுதி பகுதியாக விதைத்தல், பல பயிர்களைக் கலந்து விதைத்தல் ஆகியவை இழப்பைப் பகிர்ந்து குறைக்கும் வழிகள். காய் பாதியளவு நிறம் மாறிய நிலையில் மழை அறிவிப்பு வந்தால், மேலும் முற்றட்டும் என்று காத்திருப்பதைவிட அறுத்துக் கூரையடியில் சிறு குவியல்களாக வைப்பது மேலானது. சற்றுப் பச்சையான மல்லிக்கு விலை உண்டு. கறுத்த மல்லிக்கு விலை இல்லை.

ஆராய்ச்சி

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் இயங்குகிறது. இது இவ்வட்டார மானாவாரிப் பயிர்களைப் பற்றி ஆய்வு செய்கிறது. தேசிய அளவில் மல்லி, சீரகம் போன்ற விதை நறுமணப் பயிர்களுக்கான ஆராய்ச்சி மையம் இராசத்தான் மாநிலம் அச்மீரில் 2000 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* கொத்தமல்லி
* கரிசல் மண்
* மானாவாரி வேளாண்மை
* வடகிழக்குப் பருவமழை
* அருப்புக்கோட்டை
* திருச்சுழி